மூன்று நாய் வீட்டில் கதவைத் திறந்தாலே சண்டை: வாசலில் நிதானமாக நிற்க எப்படிப் பழக்குவது?

லாஸ்பேட்டைவாசி

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் தனி வீடு, மூன்று நாய்கள். வீரா நாலு வயது ராஜபாளையம் ஆண். செம்பி தெருவிலிருந்து வந்து எங்களோடே தங்கிவிட்ட நாட்டு நாய். அப்புறம் பிங்கு, ஒரு வயதுகூட ஆகாத கலப்பினக் குட்டி. சாப்பாட்டிலோ தூக்கத்திலோ மொட்டை மாடி விளையாட்டிலோ ஒரு தகராறும் கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துத்தான் தூங்கும். வாசல் கதவு மட்டும்தான் பிரச்சினை.

காலிங் பெல் அடித்ததும், இல்லை, பெல்கூட வேண்டாம், தெருக் கேட்டின் கொக்கியைத் தூக்கும் சத்தம் கேட்டாலே மூன்றும் ஹாலிலிருந்து பாய்ந்து வரும். மரக்கதவைத் தாண்டினால் கிரில் அடைத்த சின்ன வராண்டா. மரக்கதவைத் திறந்ததும் அந்த நிலைக்குள் மூன்றும் ஒரே நேரத்தில் நுழையும். வீரா உயரம், முன்னால் போய்விடுவான். செம்பி அவன் இடுப்புக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாள். பிங்கு பின்னாலிருந்து இருவர் மேலும் ஏறுவான். அடுத்த நொடி செம்பி திரும்பி வீராவின் காதைக் கவ்வுகிறாள். போன வாரம் காது நுனி கிழிந்து, அவன் தலையை உதற உதறச் சுவரெல்லாம் ரத்தத் தெறிப்பு. தண்ணீர் கேன் போடுகிறவர் இப்போது கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போகிறார். பகலில் வீட்டில் இருப்பது அம்மா மட்டும்தான், மூட்டு வலி உள்ளவர், கேனை உருட்டிக்கொண்டு வருகிறார்.

பக்கத்து வீட்டில் "பகலில் கட்டிப் போடுங்கள்" என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. தனித்தனியாக அழைத்துப் போனால் மூன்றும் தங்கம். சேர்ந்தால்தான் இப்படி. யாராவது இதைச் சரி செய்திருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா

தம்பி, கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தனித்தனியாகத் தங்கம், சேர்ந்தால் சண்டை. நின்றும் நிற்காத டவுன் பஸ்ஸின் ஒரே படியில் பத்துப் பேர் ஏறும்போது நல்ல மனிதர்களே முழங்கையால் இடிக்கிறார்கள் இல்லையா, அதேதான் உங்கள் நிலைப்படியில் நடக்கிறது. செம்பிக்கு வீரா மேல் கோபம் இல்லை. அவள் நசுங்குகிறாள், திரும்ப இடம் இல்லை, வாயில் வந்தது காது. அதனால் அவளைத் திட்டுவதில் பயனில்லை. "உள்ளே போ" என்று நாம் கத்தும் சத்தமும் அவர்களுக்கு நாமும் சேர்ந்து குரைப்பது மாதிரிதான் கேட்கும்.

முதல் வேலை, இன்றிலிருந்து சண்டை நடக்க வழியே இல்லாமல் செய்வது. பயிற்சி அப்புறம். ஒவ்வொரு முறை அந்தப் படியில் கடி நடக்கும்போதும் அடுத்த கடி சுலபமாகிறது. உங்களுக்கு மரக்கதவு, கிரில் கதவு என்று இரண்டு இருக்கிறது, அது பெரிய வசதி. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. மரக்கதவு திறக்கும் முன் மூன்றில் இரண்டு நாயாவது வேறு அறையில் இருக்க வேண்டும். படுக்கையறை வாசலில் இடுப்புயர ஒட்டுப்பலகைத் தடுப்பு போட்டாலும் போதும், வீரா தாண்டாத உயரமாக இருக்கட்டும், ராஜபாளையம் நன்றாகவே தாண்டும்.

சரி, இனி பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரு நாய். வாசலில் யாரும் இல்லாத, பெல் அடிக்காத, வெளியே போகப் போவதும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். மதியம் இரண்டரை மணி நல்லது, தெருவே தூங்கும். மற்ற இரண்டும் கொல்லைப்பக்கம் இருக்கட்டும்.

கதவிலிருந்து நாலு எட்டு தள்ளி ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போடுங்கள். டைல்ஸ் தரையில் நாய்க்குக் கால் வழுக்கும், வழுக்கும் நாய் நிதானமாக நிற்காது, அதற்குத்தான் சாக்கு. நாலு காலும் சாக்கில் இருந்தால் ஒரு துண்டு ஈரல். உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. ராஜபாளையத்துக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, வெறும் தரையில் உட்கார அவனுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், நிற்கட்டும்.

இப்போது உங்கள் கை தாழ்ப்பாளை நோக்கிப் போகட்டும், போகும்போதே நாயைப் பாருங்கள். சாக்கில் இருந்தால் கை தாழ்ப்பாளைத் தொடும். எழுந்து வந்தால் கை பேசாமல் கீழே இறங்கிவிடும், திட்டு இல்லை, "ச்சூ" கூட இல்லை. மறுபடி சாக்குக்குப் போனால் கை மறுபடி மேலே. நாய் இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். தான் அசைந்தால் கதவு சாத்திக்கொள்கிறது, தான் நின்றால் கதவு திறக்கிறது, ஆகக் கதவைத் திறப்பது தன் கால்தான் என்று அதற்குத் தோன்ற வேண்டும். அப்புறம் தாழ்ப்பாள் சத்தம், அப்புறம் இரண்டு விரல் அகலம் திறப்பு, அப்புறம் ஒரு சாண். மூக்கு முன்னால் வந்தால் மெதுவாகச் சாத்துங்கள், மூக்கில் இடிக்கவே கூடாது. ஒரு தடவை இடிபட்டால் அது கதவுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளும், நிதானம் வராது.

முழுதாகத் திறந்தும் நின்றால், பெயரைச் சொல்லி "வீரா, வா". பெயர் முக்கியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம் விவசாயி

அந்த அம்மா சொல்வது வீட்டுக்குள் வளர்க்கும் நாய்க்குச் சரியாக இருக்கலாம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கரும்புத் தோட்டக் காவலுக்கு நாய் வளர்க்கிறோம். வீட்டுத் தலைவன் யார் என்று நாய்க்குத் தெரிய வேண்டும். படியை முதலில் மனிதன் தாண்டணும், பிறகு பெரிய நாய், பிறகு சின்னது. அந்த வரிசையை உறுதியாக வைத்தால் சண்டை இருக்காது. ஈரல் கொடுத்துக் கெஞ்சினால் ஈரல் இருக்கும் வரைதான் கேட்கும்.

மஞ்சக்குப்பம் அக்கா

ஐயா, தோட்டத்தில் உங்கள் நாய்கள் அடங்கி நிற்கின்றன என்பதை நம்புகிறேன். அங்கே வாசல் அகலம், தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே பழக்கம். நிற்பதற்குக் காரணம் அந்தப் பழக்கம் என்றே நினைக்கிறேன்.

தலைவன் நாய் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் விலங்குக்காட்சி சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது அதில் பெரிய பங்கு. அடைபட்ட இடத்தில் அவை மோதிக்கொண்டன. பிறகு காட்டில் ஓநாய்களைப் பல வருடம் பின்தொடர்ந்த டேவிட் மெக், அந்தச் சொல்லைப் பரப்பியதில் தானும் ஒருவராக இருந்தவர், 1999இல் அதை மறுத்தே எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம். முன்னால் போவது பெற்றோர், சண்டையில் ஜெயித்தவர் இல்லை.

மனிதர் முதலில் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெருவில் பைக் வருகிறதா என்று பார்க்க நாம் முன்னால் போவது நல்லதுதான். ஆனால் லாஸ்பேட்டைத் தம்பியின் அம்மா, மூட்டு வலியோடு, மூன்று நாயைத் தோளால் தள்ளி முன்னால் போக முடியாது. அவருக்கு வேலைக்கு ஆகும் வழிதான் நமக்கு வேண்டும்.

ஈரல் விஷயம்: பழக்கம் ஊறிய பிறகு கதவு திறப்பதே கூலி. தீனியைக் குறைத்துக்கொண்டே வரலாம். ஆனால் அடியோடு நிறுத்த நான் சொல்ல மாட்டேன்.

முத்தியால்பேட்டை ரேழி வீடு

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, தெருக்கதவைத் திறந்தால் திண்ணை, திண்ணையை இறங்கினால் நேராகத் தெரு. காம்பவுண்டு கிடையாது, கேட் கிடையாது, எந்நேரமும் ஆட்டோவும் பைக்கும். இரண்டு நாய் வைத்திருக்கிறேன். கட்டின புண்ணியவான்கள் ரேழி வைத்துக் கட்டினார்கள், அதுதான் என் நாய்களைக் காப்பாற்றுகிறது. தெருக்கதவுக்கும் முற்றத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு நடை, இந்தக் கோடியில் ஒரு கதவு, அந்தக் கோடியில் ஒரு கதவு. ஒன்று சாத்தாமல் இன்னொன்று திறக்காது, இது வீட்டில் குழந்தை முதல் விருந்தாளி வரை எல்லாருக்கும் சட்டம். பழைய வீடுகளை இடிக்கும்போது முதலில் ரேழியை எடுத்து ஹாலைப் பெரிதாக்குகிறார்கள், நாய் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து அதை விட்டு வையுங்கள்.

நான் கவனித்த ஒன்று. கதவைத் திறக்குமுன் நாயின் முகத்தைப் பாருங்கள். தயாராக இல்லாத நாய்க்கு வாய் இறுக மூடியிருக்கும், காது இரண்டும் கதவைப் பார்த்து நிமிர்ந்திருக்கும், உடம்பின் பாரம் முன்கால்களுக்குப் போயிருக்கும், பாதத்து விரல்கள்கூடத் தரையைப் பிடிக்கும். உட்கார்ந்திருந்தாலும் அது பாய்ச்சலுக்கு முந்தின உட்கார்வு. காத்திருங்கள். ஒரு கட்டத்தில் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, வாய் லேசாகத் திறந்து, இடுப்பு ஒரு பக்கம் சாயும். அப்போது தாழ்ப்பாளைத் தொடுங்கள். "உட்கார்" என்று சொல்லி உட்கார்ந்ததும் திறக்கிறவர்கள் அந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

லாஸ்பேட்டைவாசி

எல்லாருக்கும் நன்றி. தனித்தனிப் பயிற்சி தொடங்கிவிட்டேன். செம்பிதான் முதலில் பிடித்துக்கொண்டாள், நான் தாழ்ப்பாளைப் பார்த்தாலே சாக்கில் போய் நிற்கிறாள். வீரா பரவாயில்லை. பிங்கு சாக்கைக் கடித்து இழுக்கிறான். இரண்டு கேள்வி. ஒன்று, எப்போது சேர்ப்பது, யாரை யாரோடு? இரண்டு, பெல் சத்தம் கேட்டால் கற்றது எல்லாம் பறந்துவிடுகிறது, அதற்கு என்ன செய்வது?

குரும்பாபேட்டையில் படித்தவள்

அக்கா பதில் சொல்வதற்கு முன் மருத்துவப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

முன்பு சண்டை போடாத நாய் திடீரென்று போட ஆரம்பித்தால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். காதில் சீழ், பல் சொத்தை, இடுப்பு மூட்டு, உண்ணிக் காய்ச்சல் இதெல்லாம் இடிபடும்போது கடிக்க வைக்கும். செம்பிக்கு இடுப்பைத் தொட்டால் முறைக்கிறாளா என்று சும்மா இருக்கும்போது பாருங்கள். அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை ஆகவில்லை என்றால் பருவ காலத்திலும் வீட்டில் பதற்றம் கூடும். புதுச்சேரியில் இருக்கிறீர்கள், குரும்பாபேட்டை ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலேயே காட்டலாம்.

கடித்த காயம் வெளியே சின்னப் பொட்டு மாதிரி இருந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும், மேலே மஞ்சள் பூசி விடாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். சண்டையை விலக்கக் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கை நீட்டக் கூடாது, அந்த நேரத்தில் நாய்க்கு யார் கை என்று தெரியாது. கெட்டிப் போர்வையை இரண்டின் மேலும் எறியுங்கள், அல்லது ஒரு வாளித் தண்ணீர். அம்மா தனியாக இருக்கும்போது அவர் கை வைக்கவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். யாருக்காவது பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று விட வேண்டாம், ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வெள்ளை ராஜபாளையங்களில் சில பிறவியிலேயே காது கேட்காதவை. வீராவுக்குக் கேட்கிறது என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கேட்காத நாய்க்குப் பின்னாலிருந்து இடி விழுந்தால் திடுக்கிட்டுத் திரும்பும். அதற்குக் கை சைகையில் பழக்குங்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா

டாக்டரம்மா சொன்னது எல்லாம் முதலில் செய்ய வேண்டியது.

சேர்ப்பது பற்றி. நன்றாகக் கற்ற இரண்டை முதலில் சேர்ப்பது வழக்கம், ஆனால் உங்கள் வீட்டில் அந்த இரண்டும்தான் சண்டைக்காரர்கள். அதனால் செம்பியும் பிங்குவும் ஒரு ஜோடி, வீராவும் பிங்குவும் ஒரு ஜோடி, செம்பியும் வீராவும் கடைசி ஜோடி, அதற்கும் அப்புறம்தான் மூன்றும். சாக்குகளை ஒட்டிப் போடாதீர்கள், ஹால் அகலத்துக்குப் பரப்புங்கள். ஜோடி சேர்த்த முதல் நாள் கதவைத் திறக்கவே வேண்டாம், கை தாழ்ப்பாளுக்குப் போவதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். தனியாகச் செய்ததை நாய் ஜோடியாகச் செய்யும்போது புதுப் பாடமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பெயர் விஷயம் இங்கேதான் வருகிறது. பொதுவாக "வா" என்றால் மூன்றும் வரும், நெரிசல். "பிங்கு, வா" என்றால் பிங்கு மட்டும். மற்ற இரண்டும் நின்றதற்கு அந்த நொடியிலேயே ஆளுக்கொரு துண்டு கிடைக்க வேண்டும். அப்போதுதான் அடுத்தவன் பெயர் கேட்டால் தனக்கு நல்லது நடக்கிறது என்று ஆகும், பொறாமைக்கு இடமில்லை. தீனியைத் தரையில் எறியாதீர்கள், எறிந்தால் அதற்கு ஒரு சண்டை. வாயருகே கையால் கொடுங்கள்.

யாரை முதலில் கூப்பிடுவது? ஆரம்பத்தில் காத்திருக்கக் கஷ்டப்படுகிறவனை முதலில், அதாவது பிங்குவை. பழகிய பிறகு வரிசையை மாற்றிக்கொண்டே இருங்கள். நிரந்தர வரிசை வைத்தால் "இப்போது என் முறை" என்று பெயர் சொல்வதற்கு முன்பே ஒன்று கிளம்பும். இதில் மட்டும் நெல்லிக்குப்பம் ஐயாவோடு எனக்கு உறுதியாகவே உடன்பாடு இல்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. முதலில் தாண்டிய நாய் படிக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டு அடுத்து வருகிறவளை முறைக்கும். அங்கேயும் சண்டை வரும். முதல் நாய் வராண்டாவின் அந்தக் கோடிக்குப் போய் நின்ற பிறகுதான் அடுத்த பெயர். அந்தக் கோடியிலும் ஒரு சாக்கு போடுங்கள்.

பெல். பாவ்லோவ் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு, நாய்க்குச் சாப்பாட்டுக்கு முன்பே எச்சில் ஊறுவதை அவர் கவனித்ததும் அந்த வேலையின் நடுவில்தான். உங்கள் வீட்டு பெல்லுக்கும் மூன்று உடம்பும் அப்படித்தான் தானாக எழுகிறது, யோசித்து வருவதில்லை. பழைய சத்தத்தை மாற்ற நாளாகும். அதனால் பெல்லையே மாற்றிவிடுங்கள், வேறு ஓசை வரும் பெல் வாங்கி மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன் அந்த ஓசையை செல்போனில் பதிவு செய்து, சன்னமாக வைத்து, ஓசை, உடனே சாக்கில் தீனி, ஓசை, உடனே சாக்கில் தீனி. யாரும் வரவில்லை, கதவும் திறக்கவில்லை, சாக்கில் மட்டும் நல்லது நடக்கிறது. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கேட் கொக்கிச் சத்தத்தை மாற்ற முடியாது, ஆனால் கொக்கியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினால் பாதிச் சத்தம் அடங்கும்.

தேவனாம்பட்டினம்

ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கும், புயல் இரவுக்கும் இந்தப் பயிற்சியை நம்பாதீர்கள். பயத்தில் ஓடும் நாய்க்குச் சாக்கும் தெரியாது, பெயரும் தெரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது இந்தப் பகுதி முழுக்கத் தண்ணீர். கதவைத் திறந்து வெள்ளத்தைப் பார்க்கும் நேரத்தில் காலிடுக்கில் நாய் வெளியேறுவதை எங்கள் தெருவில் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு இருக்கட்டும். வெடி வெடிக்கும் நாட்களில் கதவைத் திறக்கும் முன் மூன்றும் உள்ளறையில், தாழ் போட்டு.

மழைக்காலத்தில் வெளியே போவது குறையும், உடம்பில் சேர்ந்த துள்ளல் எல்லாம் வாசலில்தான் இறங்கும். மாடிப்படியில் தீனியை ஒளித்து வைத்துத் தேட விடுங்கள், மூன்றையும் தனித்தனியாக. மூக்கு வேலை செய்தால் நாய் அசந்துபோகும்.

நெல்லிக்குப்பம் விவசாயி

ஓநாய்க் கதை எனக்குப் புதிது. வரிசை பற்றி என் அனுபவம் வேறு, அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக விடுவதை நாங்களும் செய்கிறோம், தோட்டத்துக் கொட்டகைப் படலைத் திறக்கும்போது. அதில் அந்த அம்மா சொன்னது சரி.

லாஸ்பேட்டைவாசி

நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். செம்பியை டாக்டரிடம் காட்டியதில் இடது காதில் புண் இருந்தது, மருந்து போட்டு ஆறிவிட்டது. வீரா அந்தப் பக்கமாகவே அவளை இடித்திருக்கிறான். பெல் மாற்றியாகிவிட்டது. ஜோடிகள் மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. மூன்றையும் சேர்த்து நான் இருந்தால் நிற்கின்றன. அம்மா மட்டும் இருந்தால் பிங்கு இன்னும் நழுவுகிறான், அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் மூன்று வாய்க்குத் தீனி கொடுக்கக் குனிய முடியவில்லை. ஈரல் வைத்தால் டப்பாவைச் சுற்றி எறும்பு வேறு.

மஞ்சக்குப்பம் அக்கா

அம்மாவுக்கு வேறு பாடம் வைத்துவிடுங்கள் தம்பி. அவர் தனியாக இருக்கும்போது நாய்கள் வாசலில் நிற்கவே வேண்டாம். பெல் அடித்தால் மூன்றும் பின்கட்டு அறைக்கு ஓட வேண்டும். புது பெல்லுக்கு இன்னும் பழைய கெட்ட பழக்கம் ஒட்டவில்லை, அதனால் இது வரும். நீங்கள் வெளியே நின்று பெல் அடியுங்கள், அம்மா பின்கட்டில் உட்கார்ந்தபடியே டப்பாவைக் குலுக்கட்டும். மூன்று தட்டு, மூன்று மூலை, முன்பே போட்டு வைத்த பொட்டுக்கடலை. எறும்பு வராது, குனிய வேண்டாம், நாய்க்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் வயிற்றுக்கும் தொந்தரவில்லை. மூன்றும் உள்ளே போனதும் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அம்மா நிதானமாக வாசலுக்குப் போகட்டும். வருகிறவர் ஒரு நிமிடம் காத்திருப்பார், கேட்டில் ஒரு அட்டை எழுதி மாட்டுங்கள்.

பிங்குவை மட்டும் காலையில் உங்களோடு தனியாக ஒரு நடை அழைத்துப் போங்கள், ஒரு வயதுத் துள்ளல் கொஞ்சம் இறங்கும். இன்னும் சில மாதம் அவனிடம் நிறைய எதிர்பார்க்க வேண்டாம்.

லாஸ்பேட்டைவாசி

தட்டு யோசனை வேலை செய்கிறது அக்கா. வீராதான் முதலில் ஓடுகிறான், பிங்கு கடைசி, ஆனால் போகிறான். தண்ணீர் கேன்காரரிடம் பேசினேன், நேற்று உள்ளே கொண்டுவந்து அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். ஒரே சந்தேகம், பின்கட்டு அறையில் மூன்றையும் எவ்வளவு நேரம் விடலாம்? கேஸ் சிலிண்டர் வந்தால் மாற்றி மாட்டிக் கொடுக்க நேரம் ஆகிறது.

மஞ்சக்குப்பம் அக்கா

தட்டு காலியாகும் வரைக்கும் கவலையே இல்லை. காலியானதும் ஒன்று மற்றொன்றின் தட்டை மோப்பம் பிடிக்கும் நேரம்தான் கவனிக்க வேண்டியது. சிலிண்டர் நாளில் செம்பியை மட்டும் படுக்கையறையில் தனியாக விட்டு, மற்ற இரண்டையும் பின்கட்டில் வையுங்கள்.